சுளகோடு வந்த பிள்ளைகள்

நான் பயிற்சி பெற்றவள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு மாதம் முகாமில் தங்கி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளை எப்படிக் கூட்டிவைத்து விளையாட விடுவது என்று கற்றுக்கொண்டு, கையெழுத்தும் முத்திரையும் விழுந்த ஒரு தாளோடு ஊர் திரும்பியவள். அந்தத் தாளை அம்மா விருதுநகர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. பள்ளி இறுதி வகுப்பு தேறிய பெண்ணுக்கு அரசாங்கம் ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தை அப்போது எல்லோரும் பிளாக் ஆபீஸ் என்பார்கள். அவர்கள்தான் கிராமங்களில் சிறுவர்களுக்கான மாலை நேர மையங்களைத் திறந்தார்கள். மையத்துக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேண்டும். அப்படித்தான் நான் முகாமுக்குப் போனேன்.

முகாமை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா. நல்ல மனுஷி. கணீரென்ற குரல். இடமே இல்லாமல் விளையாடக்கூடிய விளையாட்டுகள், வட்டமாக நின்று பாடும் பாட்டுகள், கதை சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் முழுக்கத் தாளை வெட்டி மடித்து ஒட்டிச் சின்னப் பெட்டி செய்யவும் கற்றுக்கொடுத்தார். "குழந்தைகளுக்கு இது ரொம்பப் புதுசா இருக்கும்" என்றார். தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளை இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும், பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் கண்டாலே வெறுப்பு வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். சபையில் எதிர்த்துப் பேசுவது எப்படி என்று மூடிக்கொண்டேன். நான் ஒட்டிய பெட்டி கோணலாக வந்தது. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக் குமாஸ்தா மகள் நான். எங்கள் வீட்டில் தும்மத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது.

எனக்குக் கிடைத்த ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் இருந்தது. ஊர்க்காரர்களே மண் சுமந்து கட்டிய சமுதாயக் கூடம் ஒன்று அங்கே இருந்தது. அதன் முன்னால் வேலி போட்ட முற்றம். உள்ளே ஒரு மர அலமாரி. பிளாக் ஆபீஸ் கொடுத்த சாமான்கள்: நான்கு தாண்டு கயிறு, ஒரு கஞ்சிரா, படம் போட்ட கதைப் புத்தகங்கள், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, எறிந்து பிடிக்கிற ரப்பர் வளையம் இரண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். சனிக்கிழமை சாத்தூர் போய் ரயிலேறி அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன்.

முதல் ஆறு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூட மணி அடித்ததும் பையைக்கூட வீட்டில் போடாமல் ஓடிவருவார்கள். ஒன்றரை மணி நேரம் முற்றத்தில் புழுதி பறக்கும். கோடை முடிந்து காற்று தொடங்கியபோது அந்தப் புழுதி ஊரையே மூடியது, ஊரில் ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

அவர்களில் ஒரு பெண். பத்து வயது இருக்கும். காது குத்தி, தோடு வாங்கும் வரைக்கும் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தார்கள். பீச்சாங்கைக்காரி. ரப்பர் வளையத்தை அவள் இடது கையால் விட்டெறிந்தால் எதிரில் நிற்பவள் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டிய நேரத்தில் அது வேறு பக்கம் திரும்பிவிடும். பிடிக்கத் தவறியவளைப் பார்த்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போகும் நேரம் வந்தால் வளையத்தை அலமாரியில் வைக்கும் உரிமை தனக்குத்தான் என்று சண்டை போடுவாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் கூடுதலான பிரியம். பயிற்சியில் அப்படி இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

ஆடி பிறந்ததும் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். தீபாவளிக்குப் பட்டாசுக் கம்பெனிகளில் சீசன். வயசுப் பெண்கள் எல்லோரும் காலையில் வருகிற லாரியில் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் இருந்து செய்துகொண்டிருந்த தீப்பெட்டி ஒட்டுகிற வேலை சின்னதுகள் தலையில் விழுந்தது. முப்பது பேர் வந்த இடத்தில் பத்து, ஒரு நாள் நான்கு. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து ஆள் இல்லையென்றால் மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வேப்பங்குச்சிக்காரியும் வரவில்லை.

நான் வீடு வீடாகப் போனேன். அவள் வீட்டில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பசைச்சட்டி. மடியில் ஆளுக்கொரு சுளகு, முறத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதில் காகிதம்போல மெலிந்த மரச்சீவலும் நீலத்தாள் துண்டுகளும். மகள் என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"பிள்ளைய ஏன் அனுப்ப மாட்டேங்கீக?" என்றேன்.

"அனுப்ப மாட்டேன்னு யாரு சொன்னா டீச்சரம்மா? நல்லா வரட்டும். இதுகள யாரு ஒட்டுறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் கேட்டாள். பகல் முழுக்கத் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிவிட்டு வந்து, வீட்டில் இதற்கு உட்காருகிறவள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். வெறுங்கை என்றால் பழம், பூ இல்லாமல் என்று அர்த்தமில்லை. சுளகு இல்லாமல் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனால் சுளகை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே பேசுவார்கள். பஞ்சாயத்து ரேடியோவில் பாட்டுக் கேட்பதும் அப்படியே. பெண் பார்க்க வந்திருந்த ஒரு வீட்டில் சுளகை ஓரமாகத் தள்ளிவைத்தார்களே தவிர உள்ளே கொண்டுபோய் வைக்கவில்லை. வந்தவர்களும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நடுவில் இரண்டு பெட்டி ஒட்டிப் பார்த்துப் பசை நல்ல பதம் என்றாளாம். இதையெல்லாம் பார்த்துப் பழகியிருந்ததால்தான் அந்த வார்த்தை என் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

"அதுக்கென்ன, பெட்டியையும் எடுத்துட்டு வரட்டுமே. பாதி நேரம் ஒட்டட்டும், பாதி நேரம் விளையாடட்டும். தீபாவளி வரைக்கும்தானே?"

அம்மாக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் இருந்த பசை கன்னத்தில் ஒட்டியது. நான் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பில் அறைக்குத் திரும்பினேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் இருபது பேர் சுளகோடு வந்தார்கள். அடுத்த வாரம் முப்பது. நான் கதை சொன்னேன், அவர்கள் ஒட்டிக்கொண்டே கேட்டார்கள். முகாமில் சொன்னபடி சரியான இடத்தில் நிறுத்தினால், முப்பது தலையும் நிமிரும். விரல்கள் மட்டும் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அதனால் எல்லோருக்கும் நகக்கண் பச்சையாக இருந்தது. பசை காய்ச்சிய அலுமினியச் சட்டிக்கு அடி உருண்டை. தரையில் வைத்தால் ஆடியது. வேப்பங்குச்சிக்காரி எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துவந்து, புரிமணை மாதிரி கீழே வைத்து, அதன்மேல் சட்டியை உட்காரவைத்தாள். சட்டி அசையாமல் நின்றது. எல்லோரும் சிரித்தோம். "கெட்டிக்காரி" என்று நானும் தட்டிக்கொடுத்தேன். எந்தக் கையால் தட்டிக்கொடுத்தேனோ, அந்தக் கையை வெட்டலாம்.

பாதி நேரம் விளையாட்டு என்று சொன்னேனா? அதைக் கடைப்பிடிக்கத்தான் பார்த்தேன். ஆனால் ஒட்டின பெட்டி காய வேண்டுமே. கூடத்துக்குள் பரப்பினார்கள். கூடம் நிறைந்ததும் முற்றத்தில் பரப்பினார்கள். சின்னச் சின்ன நீலப் பெட்டிகள் வேலி வரைக்கும் கிடக்கும்போது எங்கே ஓடுவது? ஒருத்தன் கயிறு தாண்டப்போய்ப் பத்துப் பதினைந்து பெட்டிகளை மிதித்து நசுக்கிவிட்டான். பெட்டிக்குச் சொந்தக்காரி அழுதாள். அவனுக்கு வீட்டில் அடி விழுந்தது. அதற்குப் பிறகு தாண்டு கயிற்றை யாரும் எடுக்கவில்லை. அதில் காய்ந்த பெட்டிகளின் மூட்டையைக் கட்டினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாளுக்காகக் காத்திருந்தேன். அந்த நாள் தீபாவளி.

தீபாவளி வந்தது, போனது. மறு வாரமும் சுளகோடுதான் வந்தார்கள். வேப்பங்குச்சிக்காரியின் அம்மாவிடம் போய், "சீசன்தான் முடிஞ்சிருச்சே?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பட்டாசுக்குத்தான் டீச்சரம்மா தீபாவளி. தீப்பெட்டிக்கு ஏது? அடுப்ப தெனமும் பத்தவைக்கணும்ல?"

எவ்வளவு பெரிய முட்டாள் நான். பட்டாசு வேலைக்குப் போன பெண்களும் திரும்பி வந்து வீட்டில் உட்காரவில்லை. பிள்ளைகள்தான் ஒட்டிவிடுகிறார்களே என்று குச்சி அடுக்கக் கம்பெனிக்கே போய்விட்டார்கள். வீடுகளில் நடந்த வேலையை என் கூடத்துக்கு நானே இடம் மாற்றியிருந்தேன், இனி அது திரும்பிப் போகாது. தை மாதத்தில், பெட்டிக்கான சீவல், தாள் கட்டுகளை வீடு வீடாகக் கொடுக்கிற ஏஜெண்டு சைக்கிளைக் கொண்டுவந்து கூடத்து வாசலில் நிறுத்தினார்.

"வீடு வீடா அலைய வேண்டியிருக்கு டீச்சர். பிள்ளைக அம்புட்டும் இங்கனதான இருக்கு? கட்ட இங்கனயே எறக்கிட்டுப் போயிருதேன். அந்த அலமாரி சும்மாதான கெடக்கு?"

"இது மையம்" என்றேன்.

"அதான் சொல்லுதேன். ஊருக்கே மையம்" என்று சொல்லிவிட்டுக் கட்டுகளை இறக்கினார். கதைப் புத்தகங்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

அந்த மாதத்தில்தான் பிளாக் ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். சமூகக் கல்விக்குப் பொறுப்பானவர். கெட்டவர் இல்லை, ஒரு பிள்ளையின் தலையைத் தடவாமல் போக மாட்டார். அவர் உள்ளே வந்தபோது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. பதிவேட்டைப் புரட்டினார். ஒரு நாள்கூடக் குறைவில்லை.

"இவ்வளவு அமைதியான மையத்தை நான் பார்த்ததே இல்லம்மா. மத்த இடத்துல எல்லாம் ஒரே கூச்சல். எப்படிச் சாதிச்சீங்க?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஐயா, இங்கே கூச்சல்தான் இருக்க வேண்டும், அது இல்லாமல் போனதுதான் தப்பு என்று. எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அதைவிட, மையத்தையே எடுத்துவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குக் கதையும் இல்லை, வெளிச்சமும் இல்லை, இருட்டு வீட்டில் சிம்னி விளக்கில் இதே பெட்டியை ஒட்டுவார்கள் என்ற நினைப்பும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் பார்வையாளர் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். அடுத்த மாதம் மாலை மையப் பணியாளர்களுக்கு விருதுநகரில் மூன்று நாள் பயிற்சி, அதில் நீங்கள் பேச வேண்டும் என்றார்.

உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். நடந்த அத்தனையையும் நான்கு பக்கம் எழுதினேன். சுளகை உள்ளே விடாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட விடாதீர்கள் என்று கடைசி வரி.

பயிற்சி நடந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வத்தல் குடோன். மூட்டை பிரிக்கிற நேரத்தில் கமறல் கிளம்பி, வெளியூர்ப் பணியாளர்கள் எல்லோரும் இருமித் தும்மிக் கண்ணீர் விட்டார்கள். நான் ஒருத்திதான் கண் கலங்காமல் மேடையில் நின்றேன். அதிகாரி என்னை அறிமுகப்படுத்தி, என் மையத்தைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளைகள் வேலையோடு வருகிறார்கள்" என்று ஆரம்பித்தேன். ஐம்பது பேர் குனிந்து நோட்டில் எழுதினார்கள். "முதலில் நானும் நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனால் விளையாட்டு நின்றுபோய்விட்டது" என்றேன்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றார் அதிகாரி, அன்பாக. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்தார். பிள்ளைகளே வராத மையம் அவருடையது என்று முகத்திலேயே எழுதியிருந்தது. "எங்க ஊருல தீக்குச்சியக் கட்டையில வரிசையா அடுக்குறாக. அந்தக் கட்டையையும் மையத்துக்குக் கொண்டாரச் சொல்லலாமாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்டாள்: "பசைய வீட்டுலருந்து கொண்டு வருவாகளா, நாமளே மையத்துல காச்சணுமா அக்கா?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன பழக்கம். "மையத்திலேயே காய்ச்சுவதுதான் நல்லது. வீட்டிலிருந்து கொண்டுவந்தால் வழியில் ஆடை படிந்துவிடும். துத்தம் கொஞ்சமாகப் போடுங்கள், பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும்" என்றேன். என் குரலை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். நிறுத்த முடியவில்லை. சட்டி ஆடினால் என்ன செய்வது என்றுகூடச் சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். நான்கு பக்கத் தாள் கைக்குள்ளேயே வேர்வையில் நனைந்து கிடந்தது. புதிதாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அம்மா அதையும் மாட்டிவைத்தாள்.

ஊருக்குத் திரும்பிய அன்று மாலை எனக்குள் ஒரு வெறி வந்திருந்தது. ஏஜெண்டின் கட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முற்றத்தில் காய்ந்த பெட்டிகளை வாரி ஓரத்தில் குவித்தேன். பசைச்சட்டியைத் தூக்கிக் கீழே வைத்து, வளையத்தை உருவி, அதில் காய்ந்து தடித்திருந்த பசையைக் கல்லில் தேய்த்துக் கழுவினேன். பிள்ளைகள் வந்ததும், "இன்னைக்குப் பெட்டி இல்ல. எல்லாரும் விளையாடுங்க" என்றேன்.

நாற்பது பேரும் முற்றத்தில் நின்றார்கள். வேப்பங்குச்சிக்காரியின் இடது கையில் வளையத்தைக் கொடுத்தேன். அவள் எறிந்தாள். எதிரில் நின்றவள் பிடித்துவிட்டாள். அது வேறு பக்கம் திரும்பவே இல்லை. மறுபடி எறிந்தாள். அதையும் பிடித்தாள். பிறகு அவள் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், பசை காஞ்சுரும்."

"காஞ்சா காயட்டும்."

"அம்மா கேட்டா நீங்க வந்து சொல்லுவீகளா டீச்சர்?"

நாற்பது அம்மாக்களிடம் நான் என்ன சொல்வது? எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவள் வளையத்தைத் தரையில் வைத்து, சட்டியை அதன்மேல் ஏற்றினாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சுளகிலிருந்து பாதியை என் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். நானும் ஒட்டினால் சீக்கிரம் முடியும், முடிந்ததும் இருட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரமாவது அவள் வெளியே போகலாம் என்று கணக்குப் போட்டேன். குனிந்த தலை நிமிராமல் ஒட்டினேன். விரலெல்லாம் எரிந்தது. முடித்து நிமிர்ந்தபோது முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

"போ, விளையாடு" என்றேன்.

அவள் போகவில்லை. நான் அலமாரிப் பக்கம் திரும்பும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு நான் ஒட்டிய கோணல் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எனக்குச் சத்தம் கேட்டுவிடாதபடி மெதுவாகப் பிரித்து, முதலிலிருந்து ஒட்ட ஆரம்பித்தாள்.